உறைந்த ஏரியில் மீன்பிடி: ஐஸ் மெலிகிறது, அவசரம் கூடுகிறது... ஏன்?

2023 டிசம்பர் 29, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம். அப்பர் ரெட் லேக் என்ற ஏரியின் உறைந்த பரப்பில் நின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் மீன் பிடித்துக்கொண்டிருந்தனர். மாலையில், அவர்கள் நின்ற பனிப்பாளம் கரையோர ஐஸிலிருந்து பிரிந்து மிதக்கத் தொடங்கியது. கரைக்கும் அவர்களுக்கும் நடுவே சுமார் 30 அடி அகலத்துக்குத் தண்ணீர். எந்த இடத்துக்கு வந்தால் கரை சேரலாம் என்று அவர்களுடைய செல்போன்களுக்குத் தகவல் அனுப்பினார்கள். படகுகள் வந்தன. 122 பேர் மீட்கப்பட்டனர், உயிரிழப்பு இல்லை.

இது முதல் முறையும் இல்லை. 2022 நவம்பர் 28 அன்று இதே ஏரியில் இதே மாதிரி சிக்கியவர்கள் சுமார் 200 பேர்.

இவ்வளவு ஆபத்து என்றால் அங்கே போய் ஏன் நிற்கணும்? நியாயமான கேள்விதான். ஆனால் லட்சக்கணக்கானவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் போகிறார்கள். அதன் சுகம் என்ன, சிக்கல் என்ன, இப்போது மட்டும் ஏன் இது பெரிதாகப் பேசப்படுகிறது?

ஐஸ் ஃபிஷிங் என்றால் என்ன?

ஏரி உறைந்த பிறகு அதன் மேல் நடந்துபோய், ஐஸில் ஒரு சாண் அகலத்துக்குத் துளை போட்டு, அதற்குள் தூண்டில் விடுவது. அவ்வளவுதான். துளை போட 'ஆகர்' என்ற திருகு கருவி இருக்கிறது. கையால் சுற்றுவதும் உண்டு, பேட்டரியில் ஓடுவதும் உண்டு. தூண்டில் கழி நம்ம கை நீளம்கூட இருக்காது. துளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது நீளக் கழி எதற்கு?

ஏரியே உறைந்துவிட்டால் மீன் எப்படி உயிரோடு இருக்கும்? தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிக அடர்த்தியாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்த தண்ணீர் மேலே வந்து உறையும். சுமார் 4 டிகிரி தண்ணீர் அடியில் தங்கிவிடும். மேலே உள்ள ஐஸ் ஒரு போர்வை மாதிரி. மீன்கள் அடியில் மெதுவாக நீந்திக்கொண்டிருக்கும், குறைவாகச் சாப்பிடும். அதனால்தான் இந்த விளையாட்டுக்குப் பொறுமை ரொம்ப வேணும்.

அப்படி என்ன சுகம்?

முதல் காரணம், படகு வேண்டாம். கோடையில் நடு ஏரிக்குப் போக படகு, இன்ஜின், அதை இழுக்க வண்டி எல்லாம் வேண்டும். குளிர்காலத்தில் கால் இருந்தால் போதும். பணக்காரர், ஏழை வித்தியாசமில்லாமல் ஏரி எல்லோருக்கும் திறந்துவிடுகிறது. பின்லாந்தில் சாதாரணத் தூண்டிலோடு ஐஸில் மீன் பிடிக்கக் கட்டணமே கிடையாது. அது எல்லோருக்கும் உள்ள பொது உரிமை.

இரண்டாவது, கூட்டாளிகள். மினசோட்டாவிலும் கனடாவிலும் ஏரி மேலேயே சின்னச் சின்ன குடில்களை இழுத்துவந்து நிறுத்துகிறார்கள். உள்ளே ஹீட்டர், அடுப்பு, சிலவற்றில் படுக்கை, டிவிகூட உண்டு. தரையில் துளை, அதில் தூண்டில், சுற்றி நண்பர்கள். பிடித்த மீனை அங்கேயே பொரித்துச் சாப்பிடலாம். வெளியே மைனஸ் 20 டிகிரி, மாலை ஐந்து மணிக்கே இருட்டு என்று நாலைந்து மாதம் ஓடும் ஊர்களில், வீட்டைவிட்டு வெளியே வர இது ஒரு காரணம். மீன் கிடைப்பது போனஸ்தான்.

மூன்றாவது, பிழைப்பு. வடபகுதி ஏரிக்கரை விடுதிகளுக்குக் குளிர்கால வருமானமே இதில்தான். குடில் வாடகை, தூண்டில் இரை, ஐஸ் மேல் பனியை ஒதுக்கி வழி போட்டுத் தருவது என ஒரு பொருளாதாரமே இயங்குகிறது. இதற்கெல்லாம் முன்பிருந்தே ஒஜிப்வே, இனுயிட் போன்ற பூர்வகுடிகளுக்கு ஐஸுக்குக் கீழே உள்ள மீன் பொழுதுபோக்கு இல்லை, சாப்பாடு.

எவ்வளவு தடிமன் இருந்தால் நிற்கலாம்?

மினசோட்டாவின் இயற்கை வளத் துறை தரும் வழிகாட்டுதல் இது (புதிதாக உறைந்த, தெளிந்த ஐஸுக்கு மட்டும்):

• நடந்து போக: 4 அங்குலம்
• பனி ஸ்கூட்டர்: 5 முதல் 7 அங்குலம்
• சிறிய கார்: 9 முதல் 10 அங்குலம்
• பிக்கப் லாரி: 13 அங்குலம்

வெள்ளையாக இருக்கும் ஐஸ் என்றால் இந்த அளவை இரட்டிப்பாக்கணும். பனி விழுந்து, நனைந்து, மறுபடி உறைந்தது அது. அதன் பலம் கிட்டத்தட்ட பாதிதான்.

அந்தத் துறை இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது: நூறு சதவீதம் பாதுகாப்பான ஐஸ் என்று எதுவுமே இல்லை. ஓர் ஏரியில் ஓர் இடத்தில் 8 அங்குலம் இருக்கும். சில அடி தள்ளி, ஊற்று இருக்கும் இடத்தில், 2 அங்குலம்தான் இருக்கும். மேலே பனி மூடியிருந்தால் கண்ணுக்கும் தெரியாது. துளை போட்டு அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சரி, இப்போது என்ன மாறிவிட்டது?

முன்பெல்லாம் காலண்டரே பாதி வேலையைச் செய்தது. இன்ன வாரத்தில் ஏரி உறையும், இன்ன மாதம் வரை வண்டி ஓட்டலாம் என்று அப்பா சொன்னதை மகன் நம்பினான். இப்போது அந்தக் கணக்கு தப்புகிறது. 122 பேர் மிதந்த 2023 டிசம்பர்தான், மினசோட்டாவில் பதிவானதிலேயே மிக வெப்பமான டிசம்பர்.

2019-ல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. கனடாவின் யார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் சப்னா சர்மா தலைமையிலான குழு எழுதியது. அதன்படி, சில ஆண்டுகள் உறைந்தும் சில ஆண்டுகள் உறையாமலும் போகும் ஏரிகள் ஏற்கெனவே சுமார் 14,800. உலக வெப்பம் 2 டிகிரி கூடினால் இது 35,300 ஆகும். அந்த ஏரிகளைச் சார்ந்து வாழ்பவர்கள் 39 கோடிக்கும் மேல்.

அதே சர்மாவின் குழு 2020-ல் 10 நாடுகளில் குளிர்காலத்தில் மூழ்கி இறந்த 4,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை ஆராய்ந்தது. குளிர்கால வெப்பநிலை 0 டிகிரியை நெருங்க நெருங்க மரணங்கள் கூர்மையாக அதிகரித்தன.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஐஸே இல்லாவிட்டால் யாரும் போக மாட்டார்கள். மைனஸ் 20 டிகிரியில் கெட்டியான ஐஸ் இருந்தால் பிரச்சினை குறைவு. ஆபத்து இரண்டுக்கும் நடுவில்தான்: பார்த்தால் இருக்கு, மிதித்தால் இல்லை என்ற நிலையில். வெப்பமாகும் உலகத்தில் அந்த நடுநிலை நாட்கள் கூடுகின்றன.

தெரிந்தும் ஏன் போகிறார்கள்?

சீசன் சுருங்குவதால்தான். மூன்று மாதம் கிடைத்தபோது இரண்டு வாரம் காத்திருக்க முடிந்தது. இரண்டு மாதம்தான் என்றால் முதல் ஐஸிலேயே இறங்கத் தோன்றும். விடுதிக்காரருக்கும் வாடகை நாட்கள் குறைகின்றன; அவராலும் தள்ளிப்போட முடிவதில்லை.

அப்பர் ரெட் லேக் இதற்கு நல்ல உதாரணம். பெரிய ஏரி, ஆனால் ஆழம் குறைவு. அதனால் மற்ற ஏரிகளுக்கு முன்பே உறைந்துவிடும். சீசனின் முதல் கூட்டம் இங்கேதான் சேரும். ஆனால் பரப்பு பெரிது என்பதால் பலமான காற்று அடித்தால் மெல்லிய பாளம் மொத்தமாக நகர்ந்துவிடும். தடிமன் சரியாக இருந்தாலும் இது நடக்கும். 2009 பிப்ரவரியில் ஏரி ஈரி-யிலும் இதுதான் நடந்தது. 130-க்கும் மேற்பட்டோர் சிக்கினர், ஒருவர் இறந்தார்.

வேறு சிக்கல்கள்?

• நச்சுக் காற்று: மூடிய குடிலுக்குள் ஹீட்டர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இருக்காது. தூக்கத்திலேயே உயிர் போகலாம்.

• குப்பை: ஐஸ் மேல் விட்டுவந்ததெல்லாம் ஐஸ் உருகும்போது ஏரிக்குள் போகும், கழிவு உட்பட. இதைத் தடுக்க மினசோட்டா 2023-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

• மீன்: ஆழத்திலிருந்து வேகமாக இழுக்கும்போது அழுத்த மாற்றத்தால் மீனின் காற்றுப் பை வீங்கிவிடும். திரும்ப விட்டாலும் பிழைக்காமல் போகலாம். தென் கொரியாவின் ஹ்வாசோன் நகரில் 2003 முதல் நடக்கும் ஐஸ் மீன் திருவிழாவுக்கு லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். அங்கே பண்ணையில் வளர்த்த டிரவுட் மீன்களைக் கொண்டுவந்து ஆற்றில் விட்டுப் பிடிக்கிறார்கள். இது கொடுமை என்று விலங்கு நல அமைப்புகள் எதிர்க்கின்றன.

உள்ளே விழுந்தால்?

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பிரபலமாக்கிய '1-10-1' என்ற கணக்கு இருக்கிறது. முதல் 1 நிமிடம்: மூச்சு திணறும், பதற்றப்படாமல் அதைக் கட்டுப்படுத்தணும். அடுத்த 10 நிமிடம்: கை, கால் அசையும், வெளியேற இருக்கும் நேரம் இதுதான். சுமார் 1 மணி நேரம்: அதன்பிறகே உடல் குளிர்ந்து நினைவு தப்பும். விழுந்ததுமே குளிரால் செத்துவிடுவோம் என்பது தவறு. பதற்றம்தான் முதலில் கொல்லும்.

வந்த திசையிலேயே திரும்பி, காலை உதைத்து, ஐஸ் மேல் படுத்தபடி உருண்டு வெளியே வரணும். எழுந்து நின்றால் மறுபடி உடையும். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கூர்முனைக் குச்சிகள் ஐஸைப் பற்றிக்கொள்ள உதவும்.

யார் பொறுப்பு?

மினசோட்டாவில் அரசு ஐஸின் தடிமனை அளப்பதில்லை. போகலாமா, வேண்டாமா என்பது அவரவர் முடிவு. மாறாக, ஐஸ் மேல் போகவே கட்டுப்பாடுகள் உள்ள ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகளில் இத்தகைய மரணங்கள் மிகக் குறைவு என்று 2020 ஆய்வு சுட்டுகிறது. 'எங்க ஏரியை எங்களுக்குத் தெரியும்' என்ற சுதந்திரம் ஒரு பக்கம்; இருட்டில், உடையும் ஐஸுக்கு நடுவே மீட்கப் போகிறவர்களின் உயிர் இன்னொரு பக்கம். ஏரியைத் தெரிந்தவர்களையே ஏரி ஏமாற்றும் காலத்தில் அந்தச் சுதந்திரத்தின் விலை கூடிக்கொண்டே போகிறது.

மினியாபொலிஸிலோ டொரண்டோவிலோ வேலை பார்க்கும் நம்மவர்களை அலுவலக நண்பர்கள் வார இறுதியில் கூப்பிடலாம். தாராளமாகப் போங்கள், நல்ல அனுபவம்தான். தேவையான உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள், மிதவை அங்கி போட்டுக்கொள்ளுங்கள், எங்கே போகிறீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். ஏரியில் கால் வைக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்னைக்கு அளந்து பார்த்தீங்களா?" 'போன வருஷம் இதே தேதியில வண்டியே ஓடிச்சு' என்று பதில் வந்தால், அன்றைக்கு மீன் குழம்பைக் கடையில் வாங்கிச் சாப்பிடலாம்.