‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று யார் சொன்னது?

“பத்து பேரு கணக்கப் போட்டுப் பாத்தாச்சு. பழைய சிஸ்டமும் புதுசும் ஒண்ணுதான்.” பத்தாங் பெர்ஜுந்தை (பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றினாலும் எங்களுக்கு அதுதான்), புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் நான் கேட்டுப் புளித்த பேச்சு இது. அதைவிட எரிச்சல், நம் இலக்கிய நண்பர்கள் “அது கணக்கு, நமக்கெதுக்கு?” என்று நகர்ந்துவிடுவது. ரப்பர் பால் வாசத்தையும் லயத்தையும் எழுதித் தீர்த்துவிட்டோம். செக்ரோல் கணினிக்குள் போனபின் அதை எழுத ஆளில்லை.

சின்னக் கணக்கு ஒன்று. குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 ரிங்கிட் ஆனது. 26 நாளால் வகுத்தால் 65.3846... ஒரு நிரல் நாள் சம்பளத்தை 65.38 என்று வெட்டிவிட்டு 26ஆல் பெருக்குகிறது: 1,699.88. இன்னொன்று கடைசியில் மட்டும் முழுமையாக்குகிறது: 1,700. இதே இரண்டையும் 1,300 ரிங்கிட் வைத்துச் சோதித்தால் நாளுக்குச் சரியாக 50, வித்தியாசமே தெரியாது. பன்னிரண்டு சென்தானே என்பவர் அதை ஆயிரம் பேரால் பெருக்கிப் பார்க்கட்டும்.

எந்த இரண்டு நிரலைக் கொடுத்தாலும் ஒன்றா இல்லையா என்று சொல்லிவிடும் பொதுவான நிரல் எழுதவே முடியாது. 1936இல் டியூரிங் நிறுவியதிலிருந்து வரும் முடிவு இது. ஆனால் குறிப்பிட்ட இரண்டை எடுத்து, எல்லா உள்ளீட்டுக்கும் ஒன்றே என்று நிரூபிப்பது பல சமயம் முடியும். பத்து பேர் கணக்கு அந்த நிரூபணம் அல்ல.

விடை ஒன்றாக இருந்தால்கூடப் போதாது என்றார்கள் ராபின் மில்னரும் டேவிட் பார்க்கும், 1980களின் தொடக்கத்தில். காலைப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மண்டோர் பேரைக் கூப்பிட்டு, “பழம் வெட்டப் போறியா, மருந்தடிக்கப் போறியா?” என்று கேட்கிறார். இன்னொருவர் கூப்பிடும்போதே முடிவு செய்துவிட்டார். சில நாள் பழம், சில நாள் மருந்து. சாயங்காலம் செக்ரோலில் இருவர் பதிவும் ஒரே மாதிரிதான். பைசிமுலேஷன் என்ற முறை இரண்டையும் பிரித்துவிடும். ஒவ்வொரு அடியிலும் இதில் செய்ய முடிவது அதிலும், அதில் முடிவது இதிலும் முடிய வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பேர் கூப்பிட்ட பிறகு முதலாமவரிடம் இரண்டு வழி, இரண்டாமவரிடம் ஒன்றே ஒன்று.

இது வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று ஒதுக்கவும் வழியில்லை. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் தர்க்கவியல் ஆய்வு செய்த ரா. ராமானுஜம்தான் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்திலும் உழைத்தவர். அங்கே கணக்கும் தமிழும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. இங்கே நாம் செக்ரோலை மட்டும் பார்த்துத் தோட்டக் கதை எழுதுகிறோம், பெரட்டில் யாருக்கு எத்தனை வழி இருந்தது என்று கேட்காமல்.

அடுத்த முறை கிராணி “ஒண்ணுதான்” என்றால், எந்தத் தொகையைப் போட்டுப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். 1,300ஆ, 1,700ஆ?