பசலி 1435

காடாம்புலியூர் டீக்கடையில் உட்கார்ந்து செல்போனை நோண்டினால், முகலாயர் சண்டை ஓய்ந்த பாடில்லை. 2023இல் என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்திலிருந்து முகலாய அரசவைப் பாடத்தை நீக்கியபோது ஒரு கூட்டம் கைதட்டியது. இன்னொரு கூட்டம் தாஜ்மகால் படத்தைப் போட்டுக் கண்ணீர் விட்டது. ரெண்டு பேரும் ஒருதடவை ஏதாவது ஒரு தாலுகா ஆபீசுக்குப் போயிட்டு வாங்கப்பா.

எங்கள் முந்திரிக்கொல்லை அடங்கலில் இந்த வருஷம் பசலி 1435. ஹிஜ்ரி, நிலாவை வைத்துப் போடும் கணக்கு. வருஷத்துக்குப் பதினோரு நாள் முன்னால் ஓடி, கதிர் முற்றுவதற்குள் வரி கேட்டு நிற்கும். அதைச் சரிக்கட்ட அக்பர் காலத்தில் அறுவடையோடு முடிச்சுப் போட்ட ஆண்டுதான் பசலி. இங்கே ஜூலை ஒண்ணாம் தேதி பிறக்கிறது. தாலுகா, தாசில்தார், ஜமாபந்தி, வசூல், பாக்கி, ஜப்தி, ரசீது, வாரிசு எல்லாம் அரபியும் பாரசீகமும்தான் (பீஜப்பூர்க்காரர்கள் வழியாகவும் சில வந்திருக்கும்). எழுத்துக் கூட்டத் தெரியாத என் அத்தைக்கு அத்தனையும் தெரியும். ஏதோ ஒரு வாசலில் அவளை நிறுத்திவைத்த சொற்கள் அவை.

1698இல் செஞ்சிக்கோட்டை ஔரங்கசீப்பின் படையிடம் விழுந்தது. 1707இல் அவரும் போனார், பேரரசு உதிர ஆரம்பித்தது. ஆர்க்காட்டு நவாப் பேருக்குத்தான் டெல்லிக்குக் கீழே. கடனுக்கு நிலவரியைக் காட்டிக் காட்டியே 1801இல் நாட்டைக் கம்பெனியிடம் விட்டார். கம்பெனி ரயத்துவாரி என்று முறையை மாற்றியது. ‘ரயத்’தும் பழைய சொல்தான். 1993 வரை எங்கள் ஜில்லாவுக்குப் பேரே தென்னார்க்காடு. கொடி மாறியது, மொழி மாறியது. வரி கட்டுகிறவன் பேர் ஏட்டில் இருந்தால்தான் அவன் ஆள் என்பது மட்டும் மாறவே இல்லை.

முகலாயர்மேல் கோபப்படுகிறவர்களுக்கு இந்த ஏட்டின்மேல் கோபம் வருவதில்லை. பிரியாணியைப் புகழ்கிறவர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

2011 டிசம்பர் 30, தானே புயல். ஒரே ராத்திரியில் அத்தையின் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தன. நிவாரணம் கேட்டுப் போனாள். பட்டா செத்துப்போன மாமனார் பேரில் இருந்தது. “நீங்க யாரும்மா?” என்றார்கள். நாற்பது வருஷமாகக் கொட்டை பொறுக்கிய கை, பால் பட்டு வெந்து கறுத்த கை. அதைக் காட்டினாளாம்.

வரப்போகிற ஜமாபந்திக்கு நான்தான் மனு எழுதித் தருகிறேன். “மேல பசலி போட்டியாடா?” என்று கேட்டாள். போட்டிருக்கிறேன்.