அம்மாவிடம் மறைக்கலாமா?

“அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், சுவாமி!” புற்றுநோயாளியைச் சந்திக்கச் செல்லும் குருவானவரை வாசலிலேயே நிறுத்திப் பிள்ளைகள் கூறும் வார்த்தை இது. திருச்சியிலும், காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்திலும் வழக்கம் ஒன்றே. மலைக்கோட்டை எக்ஸ்பிரசில் சென்னை சென்று, 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் நிறுவிய புற்றுநோய் நிலையத்தில் கதிர்வீச்சுப் பெற்றுத் திரும்பிய தாய், அங்குள்ள பெயர்ப்பலகையை வாசித்திருக்கமாட்டாரா? அவர் அறிவார், தாம் அறிந்ததைப் பிள்ளைகளிடம் மறைக்கிறார். ஒரே கூரையின்கீழ் ஆளுக்கொரு மூலையில் அழுகின்றனர்.

இவ்வச்சத்தாலேயே நோயில்பூசுதலையும் தள்ளிப்போடுகிறோம். அவஸ்தைப்பூசுதல் என்ற பழம்பெயர் நம்மை எளிதில் விடுவதாயில்லை! இது சாகுந்தறுவாயில் இருப்போர்க்கு மட்டும் உரியதன்று என இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறிற்று. 1972இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் புதிய சடங்குமுறையை அளித்தார். கடும் நோயின் தொடக்கத்திலும், பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் பெறலாம். நோய் முற்றினால் மீண்டும் பெறலாம். நினைவு தப்பியபின் குருவை அழைத்தால், அம்மா சொல்ல விரும்பியதைக் கேட்பவர் யார்?

அனைத்தையும் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டியதில்லை. “டாக்டர் சொன்னதில் ஏதேனும் கேட்க வேண்டுமா, அம்மா?” என வினவிவிட்டுக் காத்திருங்கள். கேட்குமளவு சொல்லுங்கள், பொய் மட்டும் வேண்டாம். இரவெல்லாம் விழித்திருக்கும் மருமகளையும் மறவாதீர். மரியாயின் சேனையார் ஒருவர் அம்மாவின் அருகில் அமர்ந்தால், அவள் ஒரு மணி நேரமாவது உறங்குவாள்.