பயிற்சி யாரிடம் போய்ச் சேருகிறது?

வேளாண் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டில் கிராமங்களில் தங்கிப் பணி அனுபவம் பெறும் காலத்தில், மாவட்டச் செய்திப் பக்கங்களில் ஒரு படம் தவறாமல் இடம்பெறும். கோயில் திடலில் வண்ணப் பொடியால் ஊரின் வரைபடம் வரையப்பட்டிருக்கும். மாணவர்களும் விவசாயிகளும் அதைச் சுற்றி நிற்பார்கள். ஏரி, வாய்க்கால், கூட்டுறவுச் சங்கம் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் காலனிக்கு அதில் எவ்வளவு இடம் கிடைத்தது, காலனியிலிருந்து எத்தனை பேர் வந்து நின்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எல்லோரும் கால் வைக்க முடியாத இடத்தில் வரைந்த படத்தை ஊரின் படம் என்று எப்படிச் சொல்வது?

இது மாணவர்களோடு நிற்கும் குறை அல்ல. பல்கலைக்கழகத்தில் கண்டறிந்ததை வயலுக்குக் கொண்டு சேர்க்கும் விரிவாக்கப் பணி முழுவதையும் தொட்ட கேள்வி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971இல் உருவானது. நாட்டின் முதல் வேளாண்மை அறிவியல் நிலையம் 1974இல் அதன் பொறுப்பில்தான் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. அந்த வகையில் விரிவாக்கப் பணியில் நமக்கு நீண்ட அனுபவம் உண்டு. விரிவாக்க அலுவலர்களின் திறனை வளர்ப்பதற்கென்றே ஐதராபாத்தில் 1987இல் தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் அமைக்கப்பட்டது. தலைமைப் பண்பு, குழு மேலாண்மை, திட்டமிடல், தகவல் தொடர்பு என்று இத்துறையில் அளிக்கப்படும் பயிற்சிகள் தேவையானவையே. ஆனால் நம் கிராமம் ஊர், சேரி என இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. அதை அறியாமல் பெறும் தலைமைப் பயிற்சி பாதிப் பயிற்சிதான்.

செய்தி கிராமத்தில் எப்படிப் பரவுகிறது என்று பாருங்கள். தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2003இல் விவசாயக் குடும்பங்களிடம் ஆய்வு நடத்தியது. புதிய தொழில்நுட்பம் பற்றி ஏதேனும் ஒரு வழியில் தகவல் பெற்றவர்கள் சுமார் 40 விழுக்காட்டினர் மட்டுமே. வேளாண்மை அறிவியல் நிலையங்கள் வழியாகப் பெற்றவர்கள் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அதிகம் பேருக்கு, அதாவது சுமார் 17 விழுக்காட்டினருக்கு, தகவல் தந்தவர்கள் 'முன்னோடி விவசாயிகள்'. ஒருவர் இன்னொரு விவசாயியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறார். அந்தத் திண்ணையில் உட்காரும் உரிமை எல்லோருக்கும் இல்லாத ஊரில், அறிவும் சாதி பார்த்துத்தான் நகரும்.

எனவே யாரை முன்னோடி விவசாயி ஆக்குகிறோம் என்பது சாதாரண நிர்வாக முடிவு அல்ல. செயல்விளக்கத் திடலுக்கு வழக்கமாக ஒரு ஏக்கர் நிலம் தேவை. பட்டா வேண்டும், பாசனம் வேண்டும், பார்வையாளர்கள் வர சாலையோரமாக இருந்தால் இன்னும் நல்லது. இந்த நிபந்தனைகளில் சாதிப் பெயர் எதுவும் இல்லை. ஆனால் முப்பது சென்ட் வைத்திருப்பவர், வாய்மொழிக் குத்தகையில் உழுபவர், பஞ்சமி நிலத்தைப் பறிகொடுத்துவிட்டு மனுவோடு அலைபவர் ஆகியோர் முதல் வரியிலேயே வெளியேறிவிடுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பட்டியல் சாதி உழைப்பாளர்களில் சுமார் 46 விழுக்காட்டினர் விவசாயக் கூலிகள். சொந்தமாகவோ குத்தகைக்கோ சாகுபடி செய்பவர்கள் சுமார் 15 விழுக்காட்டினர்தான். 'விவசாயி' என்றால் பட்டாதாரர் என்று பொருள் கொள்ளும் விரிவாக்கம், வயலில் நிற்கும் கைகளைக் கணக்கில் எடுப்பதில்லை.

திருந்திய நெல் சாகுபடியையே எடுத்துக்கொள்வோம். 14 நாள் வயதுடைய இளம் நாற்றை, 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக, குத்துக்கு ஒன்றாக நட வேண்டும். நடுபவர்கள் பெண்கள். பெரும்பாலான ஊர்களில் அவர்கள் காலனிப் பெண்கள். பயிற்சிக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்குபவர் நில உரிமையாளர். பூச்சிக்கொல்லி தெளிப்பதும் அப்படியே. பாதுகாப்பாகத் தெளிப்பது எப்படி என்ற வகுப்பில் உரிமையாளர் இருக்கிறார். தெளிப்பானை முதுகில் சுமப்பவர் வகுப்புக்கு அழைக்கப்படுவதே இல்லை. நச்சுக் காற்று அவர் நுரையீரலுக்குப் போகிறது. கையேடு உரிமையாளர் வீட்டு அலமாரிக்குப் போகிறது.

இதை மாற்ற முடியும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், கறுப்பின மக்களுக்கான டஸ்கிகி கல்வி நிறுவனம் 1906இல் ஒரு குதிரை வண்டியில் கலப்பையையும் விதையையும் ஏற்றிக் குத்தகை விவசாயிகளின் வாசலுக்கே அனுப்பியது. புக்கர் டி. வாஷிங்டனும் வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரும் முன்னெடுத்த முயற்சி இது. அங்கு படித்த தாமஸ் கேம்பல் அதே ஆண்டில் அந்நாட்டின் முதல் கறுப்பின விரிவாக்க அலுவலர் ஆனார். ஆனால் 1914இல் விரிவாக்கப் பணிக்குச் சட்டமும் நிதியும் வந்தபோது, தென்மாநிலங்களில் பணத்தின் கட்டுப்பாடு வெள்ளையர் கல்லூரிகளிடம் போனது. கறுப்பின அலுவலர்கள் தனியாக, குறைந்த வசதிகளோடு, கறுப்பின விவசாயிகளுக்கு மட்டும் என ஒதுக்கப்பட்டார்கள். ஒதுக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்தவர்களை வேலைக்கு எடுப்பது மட்டும் போதாது, முடிவெடுக்கும் நாற்காலியும் அவர்களுக்கு வேண்டும் என்பதே இதில் நாம் கற்க வேண்டியது.

நம் பல்கலைக்கழகங்களில் இடஒதுக்கீட்டால் தலித் பட்டதாரிகள் வந்திருக்கிறார்கள். அவர்கள் திட்டம் வகுக்கும் பொறுப்புகளுக்கும் உயர வேண்டும். அதே நேரம், 'காலனிக்கு நீங்களே போய் வாருங்கள்' என்று தலித் அலுவலரிடம் மட்டும் தள்ளிவிடும் வழக்கம் எங்கும் இருக்கக் கூடாது. காலனிக்குள் நடந்து செல்வது ஒவ்வோர் அலுவலரின் கடமை. அதைக் கற்றுத்தருவதே தலைமைப் பயிற்சியின் முதல் பாடமாக வேண்டும்.

செய்ய வேண்டியவை எளியவை. அடுத்தடுத்துள்ள சிறு துண்டுகளைச் சேர்த்து ஒரு ஏக்கர் திடலாக ஏற்கலாம். குத்தகைதாரரின் சாகுபடியை ஊரறியும். பட்டா இல்லை என்பதற்காக அவரைத் தள்ளக் கூடாது. நடவுக்கும் தெளிப்புக்கும் உரிய பயிற்சியைக் காலனியிலேயே, மாலை நேரத்தில், அல்லது ஒரு நாள் கூலி கொடுத்து நடத்தலாம். துணைத் திட்ட நிதியில் விதைப் பையும் தெளிப்பானும் கொடுத்துப் படம் எடுப்பதோடு நிறுத்தாமல், ஒரு பருவம் முழுவதும் கூடவே நின்று கற்றுத்தரலாம். நிலையத்தின் அறிவியல் ஆலோசனைக் குழுவில் விவசாயிகளுக்கு உள்ள இடங்களில் தலித் சிறு விவசாயிக்கும் கூலிப் பெண்ணுக்கும் இடம் தரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அலுவலரின் பணியை மதிப்பிடும்போது எத்தனை கூட்டம் நடத்தினார் என்பதோடு, யார் வந்தார்கள் என்பதையும் எண்ண வேண்டும். எது எண்ணப்படுகிறதோ அதுதான் நடக்கும்.

வேளாண்மை படிக்கும் மாணவர்களே, கிராமத்தில் நீங்கள் தங்கும் சில மாதங்கள் உங்கள் முதல் தலைமைப் பயிற்சி. கூட்டத்தை எங்கே நடத்துவது என்று முடிவு செய்யும்போதே அது தொடங்கிவிடுகிறது.

வாசகர்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் மாவட்ட வேளாண்மை அறிவியல் நிலையத்திடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கடந்த ஆண்டு பயிற்சி பெற்றவர்களில் ஆதிதிராவிடர் எத்தனை பேர்? விவசாயக் கூலிகள் எத்தனை பேர்? செயல்விளக்கத் திடல்களில் எத்தனை காலனி விவசாயிகளின் நிலத்தில் அமைந்தன? நேரில் பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணமும் ஒரு வெள்ளைத் தாளும் போதும். எண்கள் கைக்கு வந்தால் அடுத்த கூட்டத்தில் பேச நமக்கும் ஆதாரம் இருக்கும்.