ஆமணக்கு விதைத்த அரண்மனை



பள்ளிச் சுற்றுலா என்றாலே உங்களுக்கெல்லாம் குஷிதான். ஜன்னல் ஓர சீட்டுக்குச் சண்டை, பஸ்ஸில் பாட்டுக் கச்சேரி, மத்தியானம் புளியோதரை... எல்லாம் இருக்கட்டும். போகிற இடத்தை எப்படிப் பார்ப்பது என்று கொஞ்சம் பேசுவோமா?

தூத்துக்குடி மாவட்டத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஓட்டப்பிடாரம் பக்கத்தில் இருக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகாமல் வரமாட்டார்கள். வீரபாண்டிய கட்டபொம்மன் வாழ்ந்த ஊர் ஆயிற்றே! கம்பீரமான கோட்டை வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். உள்ளே கட்டபொம்மன் சிலையையும் சுவர் ஓவியங்களையும் பார்ப்பார்கள். அப்புறம் பஸ் ஏறிவிடுவார்கள்.

ஆனால், அந்தக் கோட்டை கட்டபொம்மன் கட்டியது இல்லை. 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை அது!

அப்படியானால், கட்டபொம்மன் வாழ்ந்த நிஜக் கோட்டை என்ன ஆயிற்று?

அது மண்ணால் கட்டிய கோட்டை. சுவரின் உயரம் சுமார் 12 அடிதான். 'பூ, மண் கோட்டைதானா' என்று நினைக்காதீர்கள். கல் சுவரில் பீரங்கிக் குண்டு பட்டால் கல் உடைந்து சிதறும். கெட்டியான மண் சுவரோ குண்டை அப்படியே தனக்குள் வாங்கிக்கொள்ளும்! 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் படையோடு வந்து தாக்கினார். கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார், பிறகு பிடிபட்டார். அக்டோபர் 16-ம் தேதி கயத்தாற்றில் அவரைத் தூக்கில் போட்டார்கள். கோட்டையை இடித்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். ஊர் மக்கள் ஒன்றுகூடிச் சில நாட்களிலேயே கோட்டையைத் திரும்ப எழுப்பிவிட்டார்கள்! மார்ச் மாதம் தாக்க வந்த கம்பெனிப் படை தோற்றுத் திரும்பியது. இன்னும் பெரிய படை வந்து, மே மாதக் கடைசியில்தான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது.

இந்த முறை இடித்ததோடு விட்டுவிடவில்லை. இடத்தை ஏர் பூட்டி உழுதார்கள். ஆமணக்கு விதைத்தார்கள். 'பாஞ்சாலங்குறிச்சி' என்ற பெயரையே அரசாங்கக் கணக்குகளிலிருந்து நீக்கச் சொன்னார்கள்!

கோட்டை போய்விட்டது. ஆனால் பெயர் போகவில்லை. கும்மியிலும் கூத்திலும் கதைப்பாட்டிலும் மக்கள் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். பேப்பரில் அழித்த பெயரை நாக்கில் அழிக்க முடியுமா?

இப்போது நாம் சொல்ல வந்ததற்கு வருவோம். நினைவுக் கோட்டைக்கு அருகிலேயே, தொல்லியல் துறையினர் தோண்டி எடுத்த பழைய அரண்மனையின் அடித்தளங்கள் இருக்கின்றன. தரையோடு தரையாக, வரிவரியாகத் தெரியும். பெரிய வாசல் கிடையாது, வண்ணமும் கிடையாது. அதனால் பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் அதுதான் நிஜம்!

அங்கே போய் நில்லுங்கள். அடித்தளத்தின் மேல் ஏறாமல், ஓரமாக நடந்து எத்தனை தப்படி என்று எண்ணுங்கள். ஓர் அறை எவ்வளவு பெரியது? வாசல் எந்தப் பக்கம் இருந்திருக்கும்? உங்கள் வீட்டை விடப் பெரியதா, சிறியதா? நாலு கேள்வி கேட்டால் போதும். சுவர்கள் தானாக எழுந்து நிற்கும்.

அதே மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. அங்கேயும் இதே கதைதான். மேலே பார்த்தால் வெறும் செம்மண் பறம்பு. உள்ளே நூற்றுக்கணக்கான முதுமக்கள் தாழிகள்! அந்தப் பெரிய மண்பானைகளில்தான் பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்தார்கள். 1899-ல் அலெக்சாண்டர் ரீ அங்கே அகழாய்வைத் தொடங்கினார். இரும்புக் கருவிகளும், வெண்கலப் பொருட்களும், தங்க நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. 2023-ல் அந்த இடத்திலேயே ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். கண்ணாடித் தரை மேல் நின்றுகொண்டு, காலுக்குக் கீழே தாழிகள் கிடந்த இடத்திலேயே கிடப்பதைப் பார்க்கலாம். அங்கே குனிந்து பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள், பாஞ்சாலங்குறிச்சியிலும் குனிந்து பார்ப்பார்கள்.

சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் 'யுவான்மிங்யுவான்' என்று ஓர் அரண்மனைத் தோட்டம். சக்கரவர்த்திகள் வாழ்ந்த இடம். 1860-ல் ஆங்கிலேயப் படையும் பிரெஞ்சுப் படையும் அதைக் கொள்ளையடித்தன; பிறகு ஆங்கிலேயப் படை அதைக் கொளுத்தியது. இன்று அது எல்லோரும் போய் வரும் பூங்கா. உடைந்த பளிங்குத் தூண்களை அங்கே கீழே கிடக்கிறபடியே விட்டு வைத்திருக்கிறார்கள். நாமோ இடிந்த கோட்டைக்குப் பக்கத்தில் புதுக்கோட்டை கட்டினோம். புதுக்கோட்டை, வீரத்தை நினைவுபடுத்துகிறது. இடிபாடு, நடந்த கொடுமைக்குச் சாட்சி சொல்கிறது. இரண்டும் வேண்டும் குட்டீஸ்! ஆனால் ஒரு வித்தியாசம்: நினைவுக் கோட்டை பழுதானால் இன்னொன்று கட்டிக்கொள்ளலாம். பழைய அடித்தளம் போனால் போனதுதான்.

அதனால்தான் சொல்கிறோம். பழைய சுவரில் ஆணியால் பெயர் கிறுக்காதீர்கள். 'ஞாபகத்துக்கு' என்று ஒரு செங்கல் துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டமே இருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து மட்டுமல்ல... ஒரு காலத்தில் காவலர் அனுமதி இல்லாமல் யாரும் நுழைய முடியாத அரண்மனை அது. இன்று உங்களுக்கும் எனக்கும் சொந்தம். நம் வீட்டுச் சுவரை நாமே இடிப்போமா?

ஓர் ஊரின் பெயரை அழிக்க ஏர் பூட்டி உழுதார்கள், முடியவில்லை. அந்த ஊரின் சுவரில் நம் பெயரைக் கிறுக்கி, மிச்சம் இருப்பதையும் நாமே அழித்துவிடக் கூடாது.

அடுத்த சுற்றுலாவுக்குப் பையில் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து வையுங்கள். வாசலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தப் பழைய அடித்தளத்தைப் பார்த்து ஒரு படம் வரையுங்கள். எந்த அறையில் யார் இருந்திருப்பார்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்ததும் தாத்தா, பாட்டியிடம் காட்டுங்கள். அவர்களிடம் ஒரு கட்டபொம்மன் கதை நிச்சயம் இருக்கும்!