யாருக்கும் வேண்டாத தீவு

கேப்டவுன் துறைமுகத்தில் கப்பலேறி, ஏறக்குறைய ஒரு வார காலம் தென் அட்லாண்டிக் சமுத்திரத்தின் அலைகளிலே குலுங்கி, உண்டது வயிற்றில் தங்காமல் கிடந்த பிரயாணி ஒருநாள் காலையில் மேல்தளத்துக்கு வந்து பார்ப்பானானால், மேகத்துக்குள்ளே தலையை நுழைத்துக்கொண்டு நிற்கும் கரிய மலையொன்று கடலின் நடுவே தென்படும். டிரிஸ்டன் டா குன்ஹா என்பது அதன் பெயர். தீவு கண்ணில் பட்டுவிட்டது என்பதனாலேயே கரையேறிவிடலாம் என்று எண்ணுவதற்கில்லை. கப்பல் உள்ளே வந்து நிற்கத் தக்க துறைமுகம் அங்கே கிடையாது; நங்கூரமிட்ட இடத்திலிருந்து படகிலோ மிதவையிலோதான் சிறு துறைக்குச் செல்லவேண்டும்; அதற்கு இடங்கொடுக்கும் அளவுக்கு அலை அடங்கியிருக்கும் நாட்களோ வருஷத்தில் சொற்பம். தீவைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு நாட்கணக்கில் காத்துக் கிடந்தவர்களும், கால் வைக்காமலே திரும்பிப் போனவர்களும் உண்டு.

தொண்ணூற்றெட்டுச் சதுர கிலோமீட்டர் பரப்பும், 2,062 மீட்டர் உயரமும் கொண்ட எரிமலை ஒன்று கடலுக்கு மேலே எழுந்து நிற்பதுதான் அந்தப் பிரதேசம் முழுமையும். மனிதர் வசிக்கும் அடுத்த நிலமாகிய செயின்ட் ஹெலினா 2,400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. மலையின் வடமேற்கு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு சமவெளியிலே, இருநூற்று நாற்பது பேருக்கு மிகாத ஜனங்கள், 'ஏழு கடல்களின் எடின்பரோ' என்று 1867-இல் ஓர் இளவரசரின் வருகையை முன்னிட்டுப் பெயர் பெற்ற கிராமத்தில் வாழ்கிறார்கள். அவர்கள் வாயிலே அந்த நீண்ட பெயர் வருவதில்லை. 'குடியிருப்பு' என்பதோடு சரி.

1506-இல் போர்த்துகீசிய மாலுமி ஒருவர் தீவைக் கண்டு தம் பெயரை வைத்துவிட்டுப் போனார். முந்நூறு ஆண்டு கழித்து ஜோனதன் லாம்பர்ட் என்ற அமெரிக்கர் வந்து, தம்மையே அதற்கு அதிபதியாகப் பிரகடனம் செய்துகொண்டு, பிரஜைகள் சேர்வதற்கு முன்பாகவே கடலில் மூழ்கி மாண்டார். பிறகு 1816-இல், செயின்ட் ஹெலினாவில் சிறைவைக்கப்பட்ட நெப்போலியனை மீட்பதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் தீவைத் தாவளமாகக் கொள்வார்களோ என்ற சந்தேகத்தினால் ஆங்கிலேயர் ஒரு சிறு படையை அனுப்பினார்கள். நெப்போலியனை மீட்க ஒருவரும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மறு வருஷமே படை திரும்பிற்று. வில்லியம் கிளாஸ் என்ற ஸ்காட்லாந்துச் சிப்பாய் மட்டும், தம் மனைவி மக்களுடனும், கொற்று வேலை தெரிந்த இரண்டு தோழர்களுடனும், அங்கேயே இருந்துகொள்ள அனுமதி பெற்றார்.

அந்தச் சில பேரும் 1817 நவம்பரில் எழுதிக் கையொப்பமிட்ட ஓர் உடன்படிக்கை இன்றும் லண்டனில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. கால்நடையும் தட்டுமுட்டுச் சாமான்களும் எல்லாருக்கும் பொது. லாபம் வந்தால் சம பங்கு. ஒருவருக்கு மேல் ஒருவர் என்ற அந்தஸ்து கூடாது என்பவை அதன் நிபந்தனைகள். மாபெரும் அரசியல் சட்டங்களை எழுதிய மேதைகள் ஏடு ஏடாக விவரித்த சமத்துவத்தை, பள்ளிப் படிப்பு அதிகமில்லாத ஒரு சிப்பாயும் இரண்டு கொத்தர்களும் ஒரே தாளில் முடித்துவிட்டார்கள். 1827-இல் செயின்ட் ஹெலினாவிலிருந்து ஐந்து பெண்கள் கப்பலில் வந்து சேர்ந்தார்கள். அவர்களும், உடைந்த கப்பல்களிலிருந்து கரையேறிய மாலுமிகளுமாகச் சேர்ந்து குடும்பங்கள் தழைத்தன. கிளாஸ், ஸ்வெய்ன், கிரீன், ரோஜர்ஸ், ஹேகன், ரெப்பெட்டோ, லவரெல்லோ என்று ஏழே ஏழு குடும்பப் பெயர்கள்தான் நெடுங்காலம் தீவு முழுவதும் வழங்கின.

அந்தச் சிப்பாயின் கையெழுத்து இன்னும் அழியவில்லை. நிலம் தனிச்சொத்து அல்ல. வெளியார் வாங்கவும் முடியாது, குடியேறவும் முடியாது. ஒருவன் சாமர்த்தியசாலியாக இருந்து புல்வெளி முழுவதையும் தன் மந்தைக்கு ஆக்கிக்கொள்ளாதபடி குடும்பத்துக்கு இத்தனை மாடு, இத்தனை ஆடு என்று வரையறை இருக்கிறது. குடியிருப்பிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, எரிமலைக் கற்களை அடுக்கிக் கட்டிய சுவர்களுக்குள்ளே, காற்றுக்கு அஞ்சிப் பதுங்கியதுபோல ஒவ்வொரு குடும்பத்தின் உருளைக்கிழங்குத் தோட்டமும் கிடக்கிறது. பணம் புழங்காத காலத்தில் கிழங்குதான் நாணயம். 1946-இல் தயாரித்த தபால்தலை மாதிரி ஒன்றில், ஒரு பென்னி என்ற விலையோடு நான்கு உருளைக்கிழங்கு என்றும் அச்சிட்டிருந்தார்கள். இன்று வருமானம் பெரும்பாலும் சிங்கி இறாலிலிருந்து வருகிறது. கடல் அமைதியாக இருக்கிறதென்று விடியற்காலையில் தீர்மானமானால், தொங்கவிட்டிருக்கும் இரும்பு உருளை ஒன்றைத் தட்டுகிறார்கள். 'டாங்' என்பதே அதற்குப் பெயர். அந்தச் சத்தம் கேட்டவுடன், உத்தியோகஸ்தர் உத்தியோகத்தையும் தச்சர் உளியையும் போட்டுவிட்டுப் படகுக்கு ஓடுகிறார்கள்.

நிர்வாக முறையைச் சொல்லவேண்டுமானால், செயின்ட் ஹெலினாவும் அசென்ஷனும் சேர்ந்த பிரிட்டிஷ் கடல்கடந்த பிரதேசத்தின் ஓர் அங்கம் இது. கவர்னர் செயின்ட் ஹெலினாவில் வசிக்கிறார். அவர் பிரதிநிதியாக ஒரு நிர்வாகி தீவில் இருக்கிறார். அவருக்கு ஆலோசனை கூற, மூன்றாண்டுக்கு ஒருமுறை எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து, மூவரை நியமித்து அமைக்கும் தீவுச் சபை. உறுப்பினர்களில் பெண் ஒருவராவது இருந்தாகவேண்டும். இதையெல்லாம் கேட்டு ராமராஜ்யம் என்று யாரும் மயங்கவேண்டாம். கடைசிச் சொல் கவர்னருடையதுதான்; 1885-இல் கடந்துசென்ற கப்பலை எதிர்கொள்ளப் படகில் சென்ற பதினைந்து ஆண்கள் திரும்பி வராமற்போய், விதவைகளின் தீவாக அது நின்ற துயரமும் அதே சரித்திரத்தின் பக்கந்தான்.

1961 அக்டோபரில் குடியிருப்பை அடுத்தே பூமி பிளந்து, தீக்குழம்பு பொங்கி, மீன் தொழிற்சாலையையும் படகேற்றும் கரையையும் மூடிவிட்டது. இருநூற்று அறுபத்து நான்கு பேரும் கப்பலேறி இங்கிலாந்து சென்றார்கள். மின்விளக்கு, வேலை, சம்பளம், சினிமாக் கொட்டகை எல்லாம் கிடைத்தன. இவற்றையெல்லாம் கண்டபிறகு பாறைக்குத் திரும்ப யார் விரும்புவார்கள் என்பது அதிகாரிகளின் நினைப்பு. ஜனங்களோ இங்கிலாந்தின் ஜலதோஷத்துக்கும் அவசரத்துக்கும் ஈடுகொடுக்க முடியாமல், ஊருக்குப் போகவேண்டும் என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1962 டிசம்பரில் வோட்டெடுத்தார்கள். திரும்ப வேண்டும் என்றவர் 148. வேண்டாம் என்றவர் 5. அடுத்த ஆண்டு பெரும்பாலோர் ஊர் திரும்பினர். ஆளில்லாத காலத்தில் நாய்கள் காட்டுத்தனமாகி ஆடுகளைத் தின்றிருந்தன. கிழங்குத் தோட்டங்கள் எஞ்சியிருந்தன.

இந்த வோட்டைப் பற்றி மெச்சிப் பேசுவோர் பலர். எனக்கு அதைக் காணும்போதெல்லாம் வேறொரு தீவின் நினைவே முந்திக்கொண்டு வருகிறது. அதே பிரிட்டிஷ் அரசாங்கம், அதன்பின் மூன்றே ஆண்டுக்குள், 1965-இல், மாலத்தீவுக்குத் தெற்கேயுள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்தை மொரிஷியஸிலிருந்து பிரித்துத் தனிப் பிரதேசமாக்கியது; டியாகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைப்பதற்காக 1968 முதல் 1973 வரை அங்கிருந்த சுமார் ஆயிரத்தைந்நூறு பேரையும் அப்புறப்படுத்தியது. தென்னந்தோப்புகளில் பல தலைமுறைகளாக உழைத்துவந்த ஆப்பிரிக்க, இந்திய வழித்தோன்றல்கள் அவர்கள். ஆனால் ஒப்பந்தக் கூலிகளாக வந்து போகிறவர்களே தவிர, நிரந்தரக் குடிகள் அங்கே இல்லையென்று உலகுக்குக் கூறப்பட்டது. அவர்களிடம் யாரும் வோட்டுக் கேட்கவில்லை. வளர்த்த நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள்.

நெப்போலியனுக்குப் பின் டிரிஸ்டன் எவருடைய யுத்த தந்திரத்துக்கும் நெடுங்காலம் பயன்படவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஒரு சிறு கடற்படை நிலையம் வந்ததே பெரிது. ஆகையால் அங்கே ஜனங்களின் இஷ்டத்தைக் கேட்பதில் அரசாங்கத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. டியாகோ கார்சியா பயன்பட்டது. ஆகவே ஜனங்களே இல்லையென்றாயிற்று. சம்மதம் கேட்கும் வழக்கம் நீதியுணர்ச்சியிலிருந்து பிறந்ததாயிருந்தால், அது இரண்டு சமுத்திரத்திலும் ஒன்றாகவே இருந்திருக்கும். இருநூற்றுச் சில்லறைப் பேருக்காக மருத்துவமும் பள்ளியும் கப்பலும் நடத்துவது வீண் செலவு என்று கணக்குப் பார்ப்போருக்கும் இதையே சொல்வேன்: ஓரிடம் வாழத் தக்கதா என்று தீர்மானிக்கும் உரிமை அங்கே வாழ்பவர்களுக்கு உரியது, தொலைவிலிருந்து கூட்டிக் கழிப்பவர்களுக்கு அன்று.

சர்வதேச நீதிமன்றம் 2019-இல் தெரிவித்த அபிப்பிராயத்தை அடுத்து, 2025 மே மாதம் பிரிட்டனும் மொரிஷியஸும் சாகோஸைக் குறித்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதிலும் டியாகோ கார்சியா தொண்ணூற்றொன்பது வருஷத்துக்குத் தளமாகவே நீடிக்கும். மற்றத் தீவுகளில்தான் மொரிஷியஸ் குடியேற்றம் செய்யலாம். பேச்சுவார்த்தை மேஜையில் சாகோஸ்வாசிகளுக்கு நாற்காலி போடவில்லை. அவர்களில் ஏறக்குறைய நூறு பேரை 2006-இல் கப்பலேற்றி அத்தீவுகளுக்கு அழைத்துச் சென்றார்கள். முன்னோர்களின் கல்லறைகளில் முளைத்த செடியைப் பிடுங்கி, கல்லைத் துடைத்து, பூ வைத்துவிட்டு, மறுபடியும் கப்பலேறும்படி.