ரோமாபுரி யாத்திரையில் காட்டாத இடங்கள்

ரோமாபுரிக்கு யாத்திரை போய் வந்தவர்கள் தாங்கள் கண்டதைச் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். இராயப்பர் கோவில், போப்பாண்டவர் அரண்மனை, பூமிக்கடியிலுள்ள வேதசாட்சிகளின் கல்லறைகள், இவ்வளவுதான். இவற்றைப் பார்க்கவேண்டாமென்று நாம் சொல்லவரவில்லை. காசுள்ளவர்கள் போகட்டும், பார்க்கட்டும். ஆனால் யாத்திரைக்காரர்களைச் சாதாரணமாய்க் கூட்டிப்போகாத சில இடங்களும் அதே பட்டணத்தில் இருக்கின்றன. கடவுளின் பிரதிநிதி என்பவரின் யோக்கியதையை அறிய விரும்புகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டியவை அவைகளேயாகும்.

முதலாவது, டைபர் ஆற்றங்கரையிலுள்ள யூதர் சேரி. 1555-ம் வருஷத்தில் நான்காவது பவுல் என்னும் போப்பு, யூதர்களை மதிலுக்குள் அடைத்து, இராத்திரியில் கதவைப் பூட்டி, வெளியில் வந்தால் மஞ்சள் அடையாளம் தரிக்கவேண்டுமென்று கட்டளையிட்டார். 1870-ல் போப்பின் ராஜ்யம் போகிறவரையில் அந்த இழிவு அடியோடு ஒழியவில்லை. ஆகவே ஹிட்லர் யூதர்களுக்கு மஞ்சள் நட்சத்திரம் குத்தியபோது, அவன் அதைப் புதிதாய்க் கண்டுபிடித்துவிடவில்லை. பிறவியினாலே ஒருவன் இழிந்தவன் என்கிற பாடம் அவனுக்கு முன்பே, வேதத்தின் பேராலேயே நடத்தப்பட்டாயிற்று.

1943 செப்டம்பரில் ஜெர்மன் பட்டாளம் ரோமாபுரியைப் பிடித்தது. 26-ந் தேதி, காப்ளர் என்னும் நாஜி போலீஸ் அதிகாரி, 36 மணி நேரத்தில் 50 கிலோ தங்கம் கொடுக்காவிட்டால் 200 பேரை நாடு கடத்துவதாக யூதர்களை மிரட்டினான். மோதிரமும் சங்கிலியுமாய்ச் சேர்த்துக் கொடுத்தார்கள். யூதரல்லாதவர்களும் வந்து கொடுத்தார்கள். தங்கம் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் அக்டோபர் 16-ந் தேதி, அவர்களுடைய ஓய்வுநாளான சனிக்கிழமையன்று, விடியற்காலையில் வீடு வீடாய்ப் புகுந்து 1,259 பேரைப் பிடித்தார்கள். இராயப்பர் கோவிலிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்திலுள்ள ராணுவக் கல்லூரியில் அடைத்துவைத்தார்கள். 18-ந் தேதி ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சரக்கு ரயிலில் ஏற்றி ஆஷ்விட்சுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் 16 பேர். குழந்தை ஒன்றுகூடத் திரும்பவில்லை.

அப்போது போப்பு 12-வது பயஸ் என்ன செய்தார்? அவருடைய மந்திரி ஜெர்மன் தூதரைக் கூப்பிட்டு, அறைக்குள்ளே முறையிட்டார். அறைக்கு வெளியே, உலகம் கேட்க, கொடுமை செய்தவர்களின் பெயரையும் கொடுமைக்குள்ளானவர்களின் பெயரையும் சொல்லிக் கண்டித்து ஒரு வார்த்தை வரவில்லை.

"பேசியிருந்தால் இன்னும் அதிகம் பேரைக் கொன்றிருப்பார்கள், மடங்களில் ஒளிந்திருந்தவர்களும் அகப்பட்டிருப்பார்கள்" என்று சமாதானம் சொல்லுகிறார்கள். மடங்களில் பல ஆயிரம் பேரை ஒளித்துவைத்துக் காப்பாற்றியது உண்மை. தங்கள் உயிருக்குத் துணிந்து கதவைத் திறந்துவிட்ட அந்தக் கன்னியாஸ்திரிகளையும் பாதிரிகளையும் நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் போப்பு பயந்தார் என்றால், நாம் ஒன்று கேட்கிறோம். பயப்படுவது மனித சுபாவம்; அது குற்றமென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் பயப்படுகிற நேரத்தில் மட்டும் மனிதர், காணிக்கை வாங்குகிற நேரத்தில் கடவுளின் பிரதிநிதி என்றால் அது என்ன நியாயம்?

அடுத்தது, ஆர்டியாட்டினே குகைகள். வேதசாட்சிகளின் கல்லறைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது வெகு கிட்டத்தில்தான் இருக்கிறது. 1944 மார்ச் 23-ந் தேதி, நாஜிகளை எதிர்த்தவர்கள் வைத்த வெடியில் 33 ஜெர்மன் போலீசார் செத்தார்கள். ஒருவனுக்குப் பத்துப்பேர் என்று கணக்குப்போட்டு, மறுநாள் 335 பேரை இந்தக் குகைக்குள் கொண்டுபோய்ச் சுட்டார்கள். கணக்குக்கு மேல் வந்துவிட்ட 5 பேரையும் விடவில்லை. செத்தவர்களில் கத்தோலிக்கர், யூதர், கம்யூனிஸ்டு எல்லோரும் உண்டு; பாப்பகல்லோ என்னும் ஒரு பாதிரியும் உண்டு. 335 பேர் செய்த பிரார்த்தனையும் எந்தக் காதிலும் விழவில்லை.

ஆனால் கொன்றவர்களுக்கு உதவி கிடைத்தது. யுத்தம் முடிந்தபின் ஹூடல் என்னும் மேற்றிராணியார் ரோமாபுரியிலேயே இருந்துகொண்டு, ட்ரெப்லிங்கா கொலைமுகாமின் தலைவனான ஸ்டாங்கல் முதலியோர் தப்பியோட வழிசெய்தார். நாஜிகளுக்கு உதவியதை அவரே தமது நினைவுக் குறிப்புகளில் பெருமையோடு எழுதியும் வைத்தார். குகையில் சுட்டவர்களில் ஒருவனான பிரீப்கே அர்ஜென்டைனாவுக்குப் போய் சுமார் 50 வருஷம் சுகமாய் வாழ்ந்தான். 1998-ல் ஆயுள் தண்டனை பெற்று, 2013-ல், தன் 100-வது வயதில் செத்தான். அவனைப் பிடித்துக் கொண்டுவந்ததும் மனிதர் செய்த சட்டமே ஒழிய, தேவ நீதி அல்ல.

ஆகவே, ரோமாபுரிக்குப் போகிறவர்களே! கோவிலின் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபின், யூதர் சேரியின் தெருவில் சற்றுக் குனிந்தும் பாருங்கள். வீட்டு வாசல்களில் பதித்த சிறு பித்தளைக் கற்களில், அங்கே குடியிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பெயரும் பிறந்த வருஷமும் செத்த இடமும் பொறித்திருக்கின்றன. அவர்களைக் கைவிட்டது எது, காப்பாற்றப்பட்டவர்களைக் காப்பாற்றியது எது என்று அந்த இடத்தில் நின்று உங்கள் அறிவைக் கேளுங்கள். கைகூப்புவதற்கு முன் கேளுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.